கொடுத்த காசு என்ன ஆச்சு? நார்வே கேட்கும் கேள்வியை நாம் எப்போது கேட்கப் போகிறோம்?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது மண்டகப்பட்டு. அங்கே ஒரு பாறையைக் குடைந்து செய்த கோயில். 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் எடுப்பித்தது. அதன் தூணில் உள்ள கல்வெட்டு பிரபலம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் இந்தக் கோயிலைச் செய்தான் என்பது அதன் சாரம். யார் கட்டியது, யாருக்காகக் கட்டியது, எதெல்லாம் போடாமல் கட்டியது என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கிறது.

இப்போது உள்ளே போனால் மூன்று கருவறைகளும் காலி.

போன பொங்கல் லீவில் அங்கே போய்விட்டுத் திரும்பும்போது சித்தப்பா பைக்கை ஒரு ஷெட் பக்கத்தில் நிறுத்தினார். பூட்டிக் கிடந்த ஆர்.ஓ. குடிநீர் பிளான்ட். சுவரில் பலகை மட்டும் பளபளவென்று இருந்தது. நன்கொடை கொடுத்தவர் பெயர், மதிப்பீட்டுத் தொகை, திறந்து வைத்தவர் பெயர், தேதி.

“ஏன் சித்தப்பா ஓடல?”

“ஒரு வருஷம் நல்லா ஓடுச்சுப்பா. அப்புறம் மெம்பிரேன் மாத்தணும்னாங்க. அதுக்கு யார் காசு குடுக்குறதுன்னு யாருக்கும் தெரியல. கட்டிக் குடுத்தவங்க போட்டோ எடுத்துட்டுப் போனவங்கதான்.”

கட்டினோம் என்று சொல்ல கல்வெட்டு இருக்கிறது, பலகை இருக்கிறது. கட்டியது பயன்பட்டதா என்று சொல்ல எதுவும் இல்லை. நம்ம ஊர் ஷெட்டுக்கு மட்டும் இல்லை, நாடுகள் நாடுகளுக்குக் கொடுக்கும் கோடிக்கணக்கான உதவிக்கும் இதே பிரச்சினைதான். கொடுக்கும்போது இருக்கிற வெளிச்சம், கொடுத்த பிறகு இருப்பதில்லை.

இந்த விஷயத்தில் கொஞ்சம் வித்தியாசமாக நடந்துகொள்ளும் ஒரு சின்ன நாடு இருக்கிறது. பெயர் நார்வே. அதன் கதை தொடங்குவது நமக்கு ரொம்பப் பக்கத்தில், கொல்லத்தில்.

நார்வே ஏன்?

நார்வேயின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். சென்னைப் பெருநகரத்தைவிடக் குறைவு. ஆனால் வெளிநாட்டு வளர்ச்சி உதவியில் அது பெரிய ஆள். பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா. 1970-ல் ஒரு இலக்கு வைத்தது. பெரும்பாலான நாடுகள் இன்றுவரை அதைத் தொடவே இல்லை. நார்வே பல ஆண்டுகளாக 1 சதவீதத்தை ஒட்டியே கொடுத்து வருகிறது. டாலர் கணக்கில் ஆண்டுக்கு சுமார் 500 கோடி.

எவ்வளவு கொடுக்கிறது என்பதைவிட எனக்கு ஆர்வமாக இருப்பது வேறு. கொடுத்தது பலன் தந்ததா என்று தானே ஆள் வைத்துக் கேட்கிறது. பதில் மோசமாக இருந்தாலும் வெளியிடுகிறது. அதே நேரம், அந்தப் பதில் போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேர்கிறதா? இந்தக் கட்டுரையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதல் பாடம்: நீண்டகரை, 1952

நார்வே உலகத்திலேயே முதன்முதலாக ஒரு நாட்டுக்கு நேரடியாக வளர்ச்சி உதவி செய்தது இந்தியாவுக்குத்தான். 1952 அக்டோபர் 17 அன்று இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் டெல்லியில் ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருடம் கொல்லம் அருகே நீண்டகரையில் வேலை தொடங்கியது. பெயர், இந்தோ-நார்வே திட்டம்.

அப்போது நார்வே பணக்கார நாடு இல்லை. எண்ணெய் கண்டுபிடிக்கப்படவில்லை. இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு, அமெரிக்காவின் மார்ஷல் திட்டப் பணத்தில் எழுந்துகொண்டிருந்தது. பிறகு ஏன் இந்த தாராளம்? 1949-ல் நார்வே நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தது. ஆளும் தொழிலாளர் கட்சிக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு. ஏழை நாட்டுக்கு உதவும் திட்டம் அந்த மனக்கசப்பைக் கொஞ்சம் தணிக்கும் என்ற கணக்கும் இதில் இருந்தது என்கிறார்கள் வரலாற்றாளர்கள். உதவி என்றாலே உள்ளே ஒரு உள்ளூர் அரசியல் இருக்கும். அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்வோம்.

திட்டத்தின் நோக்கம் நல்லதுதான். நீண்டகரை, சக்திகுளங்கரா, புத்தன்துறை ஆகிய மூன்று மீனவ ஊர்கள். மீன்பிடியில் வருமானத்தைக் கூட்டுவது, மீனைக் கெடாமல் சந்தைக்குக் கொண்டுபோவது, குடிநீர், சுகாதாரம். படகுகள் வந்தன. ஐஸ் பிளான்ட் வந்தது. சுகாதார மையம் வந்தது. குழாயில் தண்ணீர் வந்தது.

உள்ளூர் வள்ளங்களில் எஞ்சின் பொருத்தும் முயற்சி சரிப்பட்டு வரவில்லை. அதனால் புது வகை விசைப்படகுகளைக் கட்டினார்கள். அதுவரை மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 1960-களில் எல்லாம் மாறியது. காரணம், இறால்.

அதுவரை இறாலுக்குப் பெரிய மரியாதை இல்லை. காயவைத்து பர்மாவுக்கு அனுப்புவார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உறைய வைத்த இறாலுக்கு நல்ல விலை என்று தெரிந்ததும் ஏற்றுமதி நிறுவனங்கள் குவிந்தன. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடிப் படகுகளுக்கு ஏக கிராக்கி. உள்ளூர் மக்கள் சாப்பிடும் மீனைக் கூட்டுவதற்காக வந்த திட்டம், வெளிநாட்டுத் தட்டுக்குப் போகும் இறாலைப் பிடிக்கும் தொழிலுக்கு ஏணியாக மாறியது.

மூன்று ஊர்களிலும் ஒரு பகுதியினர் நன்றாகவே முன்னேறினார்கள். நீண்டகரை, சக்திகுளங்கரா துறைமுகம் இன்று கேரளாவின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. இதை மறைக்கக் கூடாது. ஆனால் படகு வாங்கக் கூடியவர்கள் யார்? கடலுக்கே போகாத வியாபாரிகளும் முதல் போட்டார்கள். சின்ன வள்ளம் வைத்திருந்தவர்களின் மீன்பாடு 1970-களில் சரிந்தது. கேரளக் கடற்கரை முழுக்க விசைப்படகுக்கும் வள்ளத்துக்கும் மோதல். 1980-ல் கேரளா கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. பல வருடப் போராட்டங்களுக்குப் பிறகு 1988-ல் மழைக்கால இழுவைமடித் தடை வந்தது.

நார்வேக்காரர்கள் இதை நோக்கிக் கேள்வி கேட்டார்களா? கேட்டார்கள். ஆர்னே மார்ட்டின் க்ளௌசன் என்ற நார்வே மானுடவியலாளர் இந்த ஊர்களில் ஆய்வு செய்து 1968-லேயே புத்தகம் போட்டார். மீனவர்களின் சமூக அமைப்பு, சாதி, மதம், வியாபாரிகளோடு உள்ள கடன் உறவு இதெல்லாம் புரியாமல் தொழில்நுட்பத்தை மட்டும் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஆரம்பகாலச் சாட்சி. பிறகு 1980-களில் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் ஜான் குரியன் நம் பக்கத்திலிருந்து அதே கதையை எழுதினார்.

மண்டபம் வரை நீளும் வால்

இந்தத் திட்டம் கேரளாவோடு நிற்கவில்லை. 1963-ல் கண்ணூர், கார்வார், நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் ஆகிய இடங்களுக்கும் விரிந்தது. 1972-ல் நார்வே முழுமையாக விலகிக்கொண்டது.

பாக் நீரிணையில் இன்று நடப்பது நமக்குத் தெரியும். ராமேஸ்வரம் விசைப்படகுகள், யாழ்ப்பாண மீனவர்களின் அறுந்த வலைகள், இலங்கைக் கடற்படையின் கைதுகள். இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. அதே வருடம் பாக் நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தை இந்தியா அறிவித்தது. பிரச்சினை தீர்ந்தபாடில்லை. கச்சத்தீவு பற்றிக் கத்தும் டிவி விவாதங்களில் இந்த வலை பற்றிய பேச்சு அபூர்வம். இரண்டு பக்கமும் தமிழர்கள். ஒருவர் வலையை இன்னொருவர் மடி கிழிக்கிறது.

இதற்கெல்லாம் நார்வேதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது சும்மா ரீல்ஸ் வசனம். விசைப்படகுக்கு மானியம் கொடுத்து ஊக்குவித்தது நம் அரசுகள். லாபம் பார்த்தது ஏற்றுமதியாளர்கள். போர்க்காலத்தில் வடக்கு இலங்கை மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் இருந்தபோது அந்தக் கடலில் பழகியது நம் படகுகள். ஆனால் இழுவைமடி என்ற பொருளாதாரத்துக்கு இந்தியக் கரையில் ஆரம்ப விதை போட்டவர்களில் அந்தத் திட்டமும் ஒன்று. உதவியின் விளைவை 5 வருடத்தில் அளந்தால் ஒரு மார்க் வரும். 50 வருடம் கழித்து அளந்தால் வேறு மார்க் வரும்.

தோல்வியை அச்சடித்து வெளியிட்ட கதை

இப்போது யாழ்ப்பாணம் பக்கம் வருவோம். நார்வே என்றால் ஈழத் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது மீன் இல்லை, சமாதானப் பேச்சு. எரிக் சொல்ஹெய்ம் முகம் ஒரு காலத்தில் நம் பேப்பர்களில் தினமும் வந்தது.

2002 பிப்ரவரி 22 போர்நிறுத்த ஒப்பந்தம். நார்வே நடுவர். 2003 ஜூனில் டோக்கியோவில் நன்கொடை நாடுகள் கூடி சுமார் 450 கோடி டாலர் தருவதாக உறுதி சொன்னார்கள். அமைதி வந்தால் பணம் வரும், பணம் வந்தால் அமைதி உறுதிப்படும் என்பது கணக்கு. விடுதலைப் புலிகள் அந்த மாநாட்டைப் புறக்கணித்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி. உதவிப் பணத்தைச் சேர்ந்து நிர்வகிக்க அரசும் புலிகளும் 2005 ஜூனில் ஒரு பொது அமைப்புக்குக் கையெழுத்திட்டார்கள். இதை எதிர்த்து ஜே.வி.பி. அதற்குச் சில நாட்கள் முன்பே ஆட்சியை விட்டு வெளியேறியிருந்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. செத்தவர்களுக்கான பணத்தைக்கூடச் சேர்ந்து பங்கிட முடியவில்லை. 2008 ஜனவரியில் போர்நிறுத்தத்தை அரசு முறித்தது. 2009 மே மாதத்தில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதுக்கப்புறம் பொதுவாக ஒரு நாடு என்ன செய்யும்? கோப்பை மூடி வைக்கும். நார்வே வேறு மாதிரி செய்தது. தன் உதவி நிறுவனமான நோராட்டின் மதிப்பீட்டுத் துறை வழியாக, 1997 முதல் 2009 வரை இலங்கையில் நார்வே செய்ததை எல்லாம் வெளி ஆய்வாளர்களை வைத்து மதிப்பிடச் சொன்னது. நார்வேயின் கிறிஸ்டியன் மிக்கெல்சன் நிறுவனமும் லண்டனின் சோயாஸ் பல்கலைக்கழகக் குழுவும் சேர்ந்து எழுதிய அறிக்கை 2011 நவம்பரில் வெளிவந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘சமாதானத்தின் பகடைக்காய்கள்’.

அதன் முடிவுகளில் பூசி மெழுகல் இல்லை. சமாதானத்தைக் கொண்டுவருவதில் முயற்சி தோற்றது. இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் பலம் நார்வேயிடம் இல்லை. பணத்தால் அமைதியை வாங்கலாம் என்ற எண்ணம் பலிக்கவில்லை. இன்னும் முன்னாடியே விலகிக்கொள்வது பற்றி யோசித்திருக்க வேண்டும். இதெல்லாம் எதிர்க்கட்சி எழுதிய துண்டறிக்கை இல்லை, நார்வே தன் சொந்தக் காசில் தன் மேலேயே எழுதவைத்த அறிக்கை.

இன்னொரு உதாரணமும் உண்டு. 1976 முதல் 1980 வரை நார்வே வளரும் நாடுகளுக்குக் கடனில் கப்பல்கள் விற்றது. உண்மையான காரணம் அந்த நாடுகளுக்குக் கப்பல் தேவை என்பதல்ல, நார்வேயின் கப்பல் கட்டும் தளங்களுக்கு வேலை தேவை என்பது. பல திட்டங்கள் கவிழ்ந்தன, கடன் மட்டும் நின்றது. 2006-ல் ‘கடன் கொடுத்த எங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு’ என்று ஒப்புக்கொண்டு ஈக்வடார், எகிப்து, ஜமைக்கா, பெரு, சியரா லியோன் ஆகிய ஐந்து நாடுகளின் சுமார் 52 கோடி குரோனர் கடனைத் தள்ளுபடி செய்தது. அப்போது வளர்ச்சித் துறை அமைச்சர் யார் தெரியுமா? அதே எரிக் சொல்ஹெய்ம்.

இது எப்படி நடக்குது?

நல்ல மனசால் மட்டும் இது நடக்கவில்லை. அமைப்பு அப்படி இருக்கிறது.

ஒன்று, நோராட்டின் மதிப்பீட்டுத் துறை நோராட் தலைவரிடம் அறிக்கை கொடுப்பதில்லை. அவரைத் தாண்டி அமைச்சகங்களின் உச்ச அதிகாரியிடம் நேரடியாகக் கொடுக்கிறது. அதாவது, வேலை செய்தவரே தன் வேலைக்கு மார்க் போட முடியாது. அறிக்கைகள் பொதுவில் வெளியாகும். எதை ஏற்கிறோம், என்ன செய்யப்போகிறோம் என்று அமைச்சகம் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு, சக நாடுகளின் பரிசோதனை. ஓஇசிடி எனப்படும் பணக்கார நாடுகள் அமைப்பில் உதவி கொடுக்கும் நாடுகளுக்கென ஒரு குழு உண்டு. ஒரு உறுப்பு நாட்டின் உதவி நிர்வாகத்தை வேறு இரண்டு உறுப்பு நாடுகள் சில வருடங்களுக்கு ஒருமுறை வந்து ஆராயும். தலைநகரில் பேசும், உதவி பெறும் நாட்டுக்கும் போய்ப் பார்க்கும், அறிக்கை போடும். நார்வேக்கு 2019-ல் இப்படி ஒரு அறிக்கை வந்தது.

மூன்று, எதை வைத்து மார்க் போடுவது என்பதற்குப் பொதுவான ஆறு கேள்விகள். நீண்டகரையை வைத்தே பார்த்தால் சுலபமாகப் புரியும்.

• தேவைக்குப் பொருந்தியதா? வறுமை உண்மை, குடிநீர்த் தேவை உண்மை. பாஸ்.

• மற்ற கொள்கைகளோடு ஒத்துப்போனதா? உள்ளூர் மீன் நுகர்வு ஒரு பக்கம், ஏற்றுமதி டாலர் இன்னொரு பக்கம். இரண்டும் இரண்டு திசையில் இழுத்தன. (இந்தக் கேள்வி 2019-ல்தான் பட்டியலில் சேர்ந்தது.)

• சொன்னதைச் செய்ததா? மீன்பாடு கூடியது. ஆனால் யாருக்காகக் கூட்ட நினைத்தார்களோ அவர்கள் எல்லோருக்கும் இல்லை.

• செலவுக்கேற்ற பலனா? சில முயற்சிகள் வீண், சில நிலைத்தன.

• ஒட்டுமொத்த விளைவு என்ன? ஒரு புதிய தொழில், ஒரு புதிய சண்டை.

• கொடுத்தவர் போன பிறகும் நிற்குமா? துறைமுகம் நிற்கிறது. கடலடியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இந்த ஆறு கேள்விகளையும் எடுத்துக்கொண்டு எங்க ஊர் ஆர்.ஓ. பிளான்டுக்குப் போங்கள். ஐந்தில் பாஸ் ஆகலாம். ஆறாவதில் அவுட்.

சரி, நார்வே அப்போ உத்தமனா?

இல்லை. இங்கேதான் எனக்குப் பிரச்சினை இருக்கிறது.

முதல் பிரச்சினை, இந்த அறிக்கைகள் யாருக்காக? எரிக் சொல்ஹெய்ம் படிக்கலாம், லண்டன் பேராசிரியர் படிக்கலாம், டெஸ்க்கில் உட்கார்ந்து நான் படிக்கலாம். கிளிநொச்சியில் வீடு இழந்த குடும்பம்? நீண்டகரையில் வள்ளம் விற்ற மீனவர்? மதிப்பிடும் ஆளைத் தேர்ந்தெடுப்பது நார்வே, கேள்வியைத் தீர்மானிப்பது நார்வே, பாடம் கற்பதும் நார்வே. பாதிப்பு மட்டும் இங்கே.

இரண்டாவது, ஒப்புக்கொள்வது வேறு, திருந்துவது வேறு. ஆப்கானிஸ்தானில் 2001 முதல் 2014 வரை செய்ததை ஆராய நார்வே ஒரு ஆணையம் போட்டது. 2016-ல் அறிக்கை வந்தது. அமெரிக்காவுக்கும் நேட்டோவுக்கும் நல்ல கூட்டாளி என்று காட்டுவதில் வெற்றி, ஆப்கானிஸ்தானைக் கட்டியெழுப்புவதில் பெரிய பலன் இல்லை என்பது சாரம். 1952-ல் நேட்டோ கணக்கு உள்ளே இருந்தது. 60 வருடம் கழித்தும் அது உள்ளேதான் இருந்திருக்கிறது.

அப்படியானால் இவ்வளவு அறிக்கையும் வேஸ்டா? நான் அப்படி நினைக்கவில்லை. மேலே நான் நார்வேயைத் திட்டிய அத்தனையும் எங்கிருந்து எடுத்தேன்? பெரும்பாலும் நார்வே தானே காசு கொடுத்து எழுதவைத்த, நார்வே ஆய்வாளர்களே எழுதிய எழுத்துகளிலிருந்துதான். திட்டுவதற்கான ஆதாரத்தைத் தானே எடுத்து மேஜையில் வைக்கிற நாட்டை, எதையுமே வைக்காத நாட்டோடு ஒரே தட்டில் வைக்க முடியாது.

எதையுமே வைக்காத நாடு எது என்று கேட்டால், கொஞ்சம் கண்ணாடியைப் பார்க்க வேண்டும்.

இப்போ நாமளும் கொடுக்கிறோம்

இந்தியா இப்போது உதவி வாங்கும் நாடு மட்டும் இல்லை. கொடுக்கும் நாடு. வெளிநாட்டு உதவிகளைக் கவனிக்க 2012-ல் வெளியுறவு அமைச்சகத்துக்குள் தனிப் பிரிவே தொடங்கப்பட்டது.

நமக்கு நெருக்கமான உதாரணம், போருக்குப் பிறகு இலங்கையில் இந்தியா கட்டிக்கொடுத்த வீடுகள். 2010-ல் 50,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அதற்கான மானியம் சுமார் 1,372 கோடி ரூபாய். பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும், 4,000 வீடுகள் மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கு. 2017-ல் மலையகத்துக்கு மேலும் 10,000 அறிவிக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான வீடுகளுக்குக் காசை ஒப்பந்ததாரரிடம் தராமல், வீட்டுக்காரர் வங்கிக் கணக்கிலேயே தவணை தவணையாகப் போட்டார்கள். ஒரு வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய். என் பார்வையில் இது நல்ல முறை. இந்தியா பெருமைப்படலாம்.

ஆனால் அந்தத் தொகை போதாமல் கடன் வாங்கியும் நகையை வைத்தும் கட்டி முடித்த குடும்பங்கள் உண்டு. கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் கொத்தனாரையும் சிமெண்ட் விலையையும் எப்படிச் சமாளித்தார்கள்? பத்து வருடம் கழித்து அந்தக் கடன் அடைந்ததா? வீடு இருக்கிற ஊரில் வேலை இருக்கிறதா? எத்தனை வீடு முடிந்தது என்ற எண்ணிக்கை அரசு அறிக்கைகளில் கிடைக்கும். மேலே உள்ள கேள்விகளுக்கு எண்ணிக்கை பதில் சொல்லாது. நார்வேயில் இருப்பது போல, வெளிநாட்டு உதவியை மட்டும் சுயேச்சையாக மதிப்பிட்டு எல்லோரும் படிக்க வெளியிடும் தனித் துறை இந்தியாவில் இல்லை. ஓஇசிடி குழுவில் நாம் உறுப்பினரும் இல்லை. அதனால் சக நாடுகள் வந்து பார்க்கவும் வழி இல்லை.

இன்னும் பக்கத்தில் வருவோம். 2022-ல் இலங்கை பொருளாதாரம் விழுந்தபோது, ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர்காக்கும் மருந்துகள். மதிப்பு 123 கோடி ரூபாய். மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. தமிழர்களுக்கு மட்டும் என்று பிரிக்காமல் இலங்கை மக்கள் எல்லோருக்கும் என்று கொடுத்தது எனக்கு இன்றும் பெருமை. அன்று ஆபீஸில் நாங்கள் அந்தக் கப்பல் படத்தை எத்தனை முறை போட்டோம் என்று கணக்கே இல்லை. மக்களும் நிவாரண நிதிக்குக் காசு போட்டார்கள்.

கப்பல் போனதைச் செய்தியாக்கினோம். அரிசி எந்த ஊரில், எந்த வீட்டு உலையில் வெந்தது, பால் பவுடர் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்ததா, அடுத்த முறை இப்படி ஒரு நிலை வந்தால் எதை மாற்ற வேண்டும் என்று நாங்கள் தொடர்ந்து கேட்டோமா? இல்லை. ஊடகத்தின் மேலும் தப்பு இருக்கிறது. திறப்பு விழாவுக்கு டிராஃபிக் வரும். மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்ப்பதற்கு யாரும் கிளிக் பண்ண மாட்டார்கள் என்று நாங்களே முடிவு பண்ணிவிடுகிறோம்.

“கொடுத்துட்டுக் கணக்குக் கேட்கலாமா?”

இப்படி ஒரு எதிர்வாதம் நம்மிடம் உண்டு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். வாங்கியவருக்கு அந்தப் பழமொழி சரி. கொடுத்தவர் தன் மாட்டின் பல்லைத் தானே பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பால் கறக்கிறதா என்று பிறகும் விசாரிக்க வேண்டும். கணக்குக் கேட்பது வாங்கியவரைச் சந்தேகப்படுவது இல்லை. நம் திட்டத்தைச் சந்தேகப்படுவது.

இன்னொரு வாதம், ‘நார்வேக்கு எண்ணெய்ப் பணம் இருக்கு, நமக்கு இதெல்லாம் ஆடம்பரம்’ என்பது. உண்மையில் காசு குறைவாக உள்ளவருக்குத்தான் இது அதிகம் தேவை. நார்வே ஒரு திட்டத்தில் தோற்றால் அடுத்ததுக்குப் பணம் இருக்கும். நமக்கு ஒரு முறைதான் வாய்ப்பு.

இந்தப் பழக்கம் நமக்கு முற்றிலும் புதுசும் இல்லை. 2005-ன் நூறு நாள் வேலைச் சட்டம், வேலைகளைச் சமூகத் தணிக்கை செய்யும் உரிமையைக் கிராம சபைக்குக் கொடுத்தது. பயனாளிகளே உட்கார்ந்து, பதிவேட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, ‘இந்த வேலை நடக்கவே இல்லையே’ என்று எழுந்து சொல்ல முடியும். நடைமுறையில் ஆயிரம் ஓட்டை இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், நார்வேயின் முறையில் இல்லாதது இதில் இருக்கிறது. மார்க் போடுவது பயனாளி.

என் கருத்து இதுதான். நார்வேயிடமிருந்து சுயேச்சையான துறை, அச்சில் வெளியிடும் தைரியம் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். நம் கிராம சபையிலிருந்து பயனாளியின் நாற்காலியை எடுத்துக்கொள்ளலாம். இந்தியா கட்டிக்கொடுத்த வீடுகளைப் பற்றிய மதிப்பீடு முல்லைத்தீவிலும் ஹட்டனிலும் தமிழிலும் சிங்களத்திலும் வாசிக்கப்பட வேண்டும். அங்கே இருப்பவர்கள் ‘இது தப்பு’ என்று சொல்ல இடம் வேண்டும். தமிழ்நாடு அரசு அனுப்பிய அரிசிக்கும் அப்படி ஒரு பத்துப் பக்க அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அதற்கு எண்ணெய்க் கிணறு தேவையில்லை.

ஊருக்குத் திரும்ப வந்த அன்று சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “நார்வே இருக்கட்டும், நம்ம ஷெட்டுக்கு யார் வருவா?” என்றார்.

நியாயமான கேள்வி. அடுத்த கிராம சபையில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். நானும் லீவு போட்டுப் போகலாம் என்று இருக்கிறேன். கேட்கப் போவது பெரிசா ஒன்றும் இல்லை. இனிமேல் ஊருக்குள் யார் எதைக் கட்டிக்கொடுத்தாலும், பலகையில் கொடுத்தவர் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரி வேண்டும்: மூன்று வருடம் கழித்து இதைப் பார்க்க யார் வருவார்கள், எந்தத் தேதியில் வருவார்கள்.